சந்தேகத்தின் பலன் யாருக்கு?

பூச்சிக்கொல்லி தெளிப்பதை நம் ஊர்களில் 'மருந்தடிக்கிறது' என்றுதான் சொல்கிறோம். அதையே ஒருத்தர் குடித்துச் செத்தாலும் 'மருந்தக் குடிச்சிட்டான்' என்பதுதான் பேச்சு. விஷத்துக்கு மருந்தென்று பேர். அந்த டேங்கை முதுகில் சுமப்பது யார்? காட்டுக்காரரும் சில இடங்களில் சுமக்கிறார். கூலிக்குச் சுமப்பவர் நிலமற்றவர். அவிநாசி, காங்கேயம் பக்கம் அவர்களில் பலர் அருந்ததியர்.

இந்த விஷங்களில் சில மூளையின் செல்களை அழித்து, பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்தைக் கொண்டுவரலாம் என்ற சந்தேகம் 40 ஆண்டுப் பழசு. 1982இல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை ஊசியைப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று நடுக்குவாதக்காரர்களைப் போல உறைந்துபோனார்கள். அதிலிருந்த நச்சு உடம்புக்குள் போய் மாறும் வடிவம், பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒத்திருந்தது. பாராகுவாட்டைக் கையாண்டவர்களிடம் இந்நோய் சுமார் 2.5 மடங்கு கூடுதலாக இருந்ததை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வயதும் பரம்பரையும்கூட இந்நோய்க்குக் காரணமாகலாம். மருந்தடித்த எல்லாருக்கும் இது வருவதுமில்லை. ஆகவே 'சாத்தியம்' என்றே விஞ்ஞானம் சொல்கிறது.

சாத்தியம் என்றால் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? நீதிமன்றத்தில் அது குற்றம் சாட்டப்பட்ட மனிதருக்கு. ஒரு ரசாயனத்துக்கும் அதே சலுகையா?

பிரான்ஸ் 2012இல் நடுக்குவாதத்தை விவசாயத் தொழிலாளரின் தொழில்நோயாக ஏற்றது. 10 ஆண்டு பூச்சிக்கொல்லியில் புழங்கியதைக் காட்டினால், அதனால்தான் நோய் வந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. நம்மாள் எதைக் காட்டுவார்? தினக்கூலிக்கு ஏது பதிவேடு?

பனியனுக்கோ சான்றிதழ் உண்டு. திருப்பூர்த் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்கிற ஓகோடெக்ஸ் சான்றிதழுக்கு, துணியில் பூச்சிக்கொல்லி மிச்சம் இருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். கைக்குழந்தைத் துணிக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். நல்லதுதான். சந்தேகம் வந்தாலே எச்சரிக்கையாக இருக்கலாம் என்பது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எச்சரிக்கை உடுத்துகிற தோலுக்குக் கிடைக்கிறது, பருத்திக்கு மருந்தடிக்கிற தோலுக்குக் கிடைப்பதில்லை. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் மருந்தடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். உடனே விழுந்த பிணங்களாவது எண்ணப்பட்டன. 20 வருசம் கழித்து நடுங்கும் கையை எண்ண ஆளில்லை.

எண்ணாதது மட்டுமல்ல, அந்தக் கைக்குத் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. சேரியில் ஒருத்தருக்குக் கை நடுங்கினால், 'குடிச்சுக் குடிச்சே நரம்பு போச்சு' என்கிறது ஊர். அதற்கு ஆய்வு வேண்டாம், சாட்சி வேண்டாம். விஷத்தைக் குற்றம் சொல்ல மட்டும் நூறு நிரூபணம் கேட்கிறார்கள். இதை விஞ்ஞானத்தின் நிதானம் என்று நாம் ஏற்க வேண்டியதில்லை. இதில் சாதியின் கணக்கும் கலந்திருக்கிறது.

விஞ்ஞானம் தன் வேலையை முடிக்கட்டும். அதுவரை இரண்டு காரியங்கள் ஆகணும். எந்த மருந்தை எத்தனை நாள் அடித்தார் என்ற பதிவு கூலிக்காரர் கையில் இருக்கணும். நடுக்கத்தோடு வருகிறவரிடம் 'குடிப்பீங்களா' என்று கேட்கிற டாக்டர், 'மருந்தடிச்சீங்களா' என்றும் கேட்டு எழுதி வைக்கணும்.