கோயில் ரசீதும் 24 வெள்ளியும்

வருமான வரி பாரத்தோடு நாம் எந்த ரசீதையும் அனுப்புவதில்லை. முன்பெல்லாம் நாம் விவரம் கொடுத்தால் வரி இலாகா கணக்குப் போட்டுச் சொல்லும். 2004-இலிருந்து தனிநபர்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. வருமானம், கழிவு, வரி எல்லாவற்றையும் நாமே கணக்கிட்டு நாமே ஒப்பமிட வேண்டும். ரசீதுகளை மட்டும் 7 வருஷம் பத்திரமாக வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும். கேட்காமலும் போகலாம். நம் யோக்கியதை சோதிக்கப்படுவது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் இன்னும் மாணவன், சம்பளம் கிடையாது. ஆனாலும் ஏப்ரல் வந்தால், கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்கிற சொந்தக்காரர்கள் ஈஏ பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "நீதான் இஞ்சினியரிங் படிக்கிறியே தம்பி, தட்டிக் கொடு." (இரண்டுக்கும் என்ன சம்பந்தமோ!) ரசீதுகள் பிளாஸ்டிக் பையில் கசங்கிக் கிடக்கும். கடை ரசீதில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும். வாங்கின அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், அண்ணன்மாரே, அக்காமாரே.

போன வருஷம் ஓர் அண்ணன் கேட்டார்: "கோயிலுக்கு 200 வெள்ளி கொடுத்தேன். கமிட்டியில தெரிஞ்சவரு 1,000ன்னு எழுதித் தர்றேங்கிறாரு. அதையே போட்டுடு."

எல்லாக் கோயில் ரசீதும் வரிக்குச் செல்லாது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வேண்டும். அந்தக் கோயிலுக்கு அது இருந்தது. அண்ணனுக்கு மாதம் 4,000 வெள்ளி, வருஷத்துக்கு 48,000. தனிநபர் கழிவு 9,000, ஈபிஎஃப் கழிவு 4,000 போனால் மிச்சம் 35,000. அந்தப் படியில் வரி 3 விழுக்காடு. ஆக, கூட்டி எழுதும் 800 வெள்ளியால் அவருக்கு மிஞ்சுவது 24 வெள்ளி. சாமி பேரைச் சொல்லி, 24 வெள்ளி!

சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. "காசு பெருசில்லடா. எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டியே தேஞ்சு போனாரு. தோட்டத்தை வித்தப்போ யாராச்சும் எட்டிப் பார்த்தாங்களா? நான் மட்டும் ஏன் யோக்கியனா இருக்கணும்?"

அந்தக் கோபம் நியாயமானது. நம்மில் பல குடும்பங்களுக்கு அந்தக் கதை உண்டு. ஆனால் கோபத்தைக் காட்டுகிறவன் பேர் சொல்லிக் காட்டுவான், மனு கொடுப்பான், ஓட்டுப் போடுவான். கள்ள ரசீது யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே எழுதப்படுவது. அதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? அதே அண்ணனின் அம்மா அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான் கட்டுகிறார். மீதிச் செலவு வரிப் பணம். என் படிப்புச் செலவிலும் பாதிக்கு மேல் அப்படித்தான்.

அதைவிட எனக்கு உறுத்தியது கோயில் கணக்கு. உண்டியலில் 200, ரசீதில் 1,000. இடையில் உள்ள 800-ஐப் பொருளாளர் எங்கேயாவது ஒளித்துவைத்தாக வேண்டும். பத்துப் பேர் இப்படிக் கேட்டால் 8,000. ஒருநாள் தணிக்கை வந்து அங்கீகாரம் பறிபோனால், நேர்மையாக 50 வெள்ளி கொடுத்த பாட்டியின் ரசீதும் சேர்ந்துதான் செல்லாமல் போகும். அரசாங்கத்தின் மேல் உள்ள கோபத்துக்குக் கோயில் ஏன் பலியாக வேண்டும்?

பாரம் அவருடையது, விரல் என்னுடையது. சொன்னதைத் தட்டுகிறவனுக்குப் பங்கு இல்லையா? இருக்கிறது என்றுதான் முடிவு செய்தேன். 200 என்று தட்டிவிட்டு, "மாத்தணும்னா நீங்களே மாத்துங்கண்ணே, பாஸ்வர்டும் நீங்களே போடுங்க" என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். மாற்றவில்லை. தேத்தண்ணி குடிக்காமலேயே கிளம்பிவிட்டார்.