குரு எதைக் கேட்கலாம்?



"கோச் சொன்னா எதையும் விட்டுக்கொடுக்கணுமா அண்ணா?" மயிலை சிங்காரவேலர் சன்னிதியில் காலேஜ் டீம்ல ஆடுற தம்பி ஒருத்தன் கேட்டான்.

ஏகலைவன் கட்டைவிரலையே கொடுத்தான். ஆனா துரோணர் கேட்டது எதுக்கு? அர்ஜுனனை யாரும் மிஞ்சிடக் கூடாதுன்னுதான். அவர் பேர்லதான் நம்ம நாட்டுல பயிற்சியாளர்களுக்கு விருது! எனக்கு அது உறுத்தும்.

சுவாமிமலையில் அப்பனுக்கே உபதேசம் செய்த நம்ம சுவாமிநாதன் கேட்டது, சீடனா பணிஞ்சு கேளுங்கன்னு மட்டும்தான். பணிவையும் உழைப்பையும் குரு கேட்கலாம், கொடுக்கணும். இன்னொருத்தன் வளரக் கூடாதுன்னு உன் விரலைக் கேட்டா, அது குருதட்சிணை இல்லப்பா.

1990-ல் துரோணாச்சாரியார் விருது வாங்கியவர் மும்பை சிவாஜி பார்க் ரமாகாந்த் அச்ரேகர். தான் ஆடியது ஒரே ஒரு முதல்தர ஆட்டம். ஆனால் மற்றவர்களை ஆட வைத்தே ஆயுசைக் கழித்தவர், 2019-ல் காலமானார். சிறுவன் சச்சின் பேட் பிடிக்கும்போது ஸ்டம்ப் மேல ஒரு ரூபாய் காசு வைப்பார். கடைசி வரை அவுட் ஆகலைன்னா காசு சச்சினுக்கு. அவுட் ஆக்கினால் அந்த பவுலருக்கு! தன் அர்ஜுனனை வீழ்த்துறவனுக்கும் பரிசு வைத்த துரோணர் இவர்.

சச்சின் ஜெயித்த 13 காசு பத்திரமா அவர்கிட்ட இருக்கு. பவுலர்கள் ஜெயித்த காசெல்லாம் எந்தெந்த வீட்டுல இருக்கோ!

வேலும் மயிலும் துணை 🦚