கழற்றிய எடை யார் கணக்கில்?

ஜி.என்.டி. ரோட்டில் கும்மிடிப்பூண்டி போகும்போது, செங்குன்றம் தாண்டியதும் சோழவரம் வரும். அங்கே இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வருவதற்கு முன்பு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்கள் அந்த ஓடுதளத்தில்தான் நடந்தன. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய்வரும் ரகக் கார்களே பட்டறைக்குப் போய், ரேஸ் காராக அவதாரம் எடுத்து வந்து நிற்கும்.

அந்த அவதாரத்தின் ரகசியம் ரொம்ப சிம்பிள். கழற்று! பின் சீட், கார்ப்பெட், கதவின் உள் அட்டை... எல்லாம் அவுட். இரும்பு பானெட் போய் ஃபைபர் வரும். கண்ணாடி போய் பாலிகார்பனேட் வரும். எடை குறைந்தால் அதே இன்ஜின் சீறும், பிரேக் சட்டென்று பிடிக்கும்.

இவ்வளவு கழற்றியவர்கள் ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்ப்பார்கள். டிரைவரைச் சுற்றி இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்த கூண்டு. ரோல் கேஜ் என்று பெயர். கார் குட்டிக்கரணம் அடித்தாலும் கூரை தலையில் இறங்காது. பாடுபட்டுக் குறைத்த கிலோவில் கொஞ்சத்தைத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஏன்?

பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். ஒவ்வொரு வரவுக்கும் எங்காவது ஒரு பற்று எழுதியாக வேண்டும். எடையைக் கழற்றி வேகத்தை வரவு வைத்தால், ஆபத்து யாரோ ஒருவர் பெயரில் பற்று ஆகிவிடுகிறது. ரோல் கேஜ் என்பது, அந்தக் கடனில் தன் பங்கை ஓட்டுகிறவரே கட்டுவது.

மீதியை யார் கட்டுவது? 1955 ஜூன் 11, பிரான்ஸ், லெ மான் பந்தயம். எடை குறைய வேண்டும் என்று மெக்னீசியம் கலந்த உலோகத்தில் பாடி கட்டிய மெர்சிடிஸ் கார், முன்னால் போன காரில் மோதிப் பறந்தது. இன்ஜினும் பானெட்டும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. பாடி தீப்பிடித்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் கொழுந்துவிட்டது. டிரைவரோடு, வேடிக்கை பார்க்க வந்த 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். என்ன உலோகத்தில் பாடி கட்டலாம் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

இப்போது நம் ஊர் ரோட்டுக்கு வாருங்கள். டிக்கி மேல் ரெக்கை, தரையை உரசும் பம்பர். கேட்டால், ‘என் கார், என் காசு, உங்களுக்கென்ன சார்?’ 2019-ல் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. சட்டத்தை விடுங்கள். அந்த ரெக்கை காரைத் தரையோடு அழுத்த வேண்டுமானால் கார் பறக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பறந்தால்?

ஆசை தப்பில்லை. அதற்குத்தான் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே வேலி உண்டு. உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்தே இறங்குகிறார்.

சிப்காட் ஷிஃப்ட்டுக்கு சைக்கிளில் ரோட்டைக் கடக்கிறவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு ரோல் கேஜும் கிடையாது. உங்கள் வேகத்தின் பற்றை அவர் பெயரில் எழுத உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?