நம்மவர் சொன்னால் விசாரிக்க வேண்டாமா?



நம்மில் பலர் இன்று நாட்டு நடப்பை அறிவது செய்தித்தாளில் அல்ல. மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் பேசும் காணொளியில். அதற்குக் காரணம் உண்டு. 2020-இல் கொரோனா பரவலுக்கு தப்லீக் ஜமாஅத்தைப் பழித்துப் பெரிய தொலைக்காட்சிகள் பேசியதை நாம் மறக்கவில்லை. அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து ஊடகங்களையும் கண்டித்தது. அதற்குள் பழி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. நமக்காகப் பேசிய தனி யூடியூபர்கள் மீது நம்பிக்கை வந்தது இயல்புதானே?

ஆனால் 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவற்றைப் பரப்பிய வழக்கில் கைதானவர்களில் பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப்பும் ஒருவர். அன்றைய டிஜிபி, நம் மாவட்டத்துக்காரரான சைலேந்திர பாபு, அவை பொய் என்று அறிவித்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட பழைய சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது. பீகாரில் அதைப் பார்த்துப் பதறி அனுப்பியவர்களும், 'இவர் நம் மக்களுக்காகப் பேசுகிறார்' என்றுதான் நம்பினார்கள்.

அப்படியென்றால் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? 2021 அக்டோபரில், கேரளாவுக்குக் கனிமவளம் கடத்தப்படுவதை எதிர்த்துத் தக்கலையில் நடந்த கூட்டத்தில் முதல்வரை அவதூறாகப் பேசியதாக யூடியூபர் சாட்டை துரைமுருகன் கைது செய்யப்பட்டார். முந்தைய வழக்கில் பெற்றிருந்த ஜாமீனும் 2022-இல் ரத்தானது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. தேர்தல் நேரத்தில் யூடியூபில் குற்றம் சாட்டுபவர்களையெல்லாம் சிறையில் அடைத்தால் எத்தனை பேரை அடைப்பது என்று நீதிபதி கேட்டார். அவர் பேச்சு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கும் அந்தப் பாணியில் உடன்பாடில்லை. ஆனாலும் கல் ஏற்றிய லாரிகள் நம் சாலைகளில் ஓடுவதை யாராவது பேசத்தானே வேண்டும்! அதிகாரத்திடம் சல்லடையைக் கொடுத்தால், தனக்குக் கசப்பானதைத்தான் அது முதலில் சலித்தெடுக்கும்.

ஆகவே விசாரிக்கும் வேலை கேட்பவரிடமே திரும்பி வருகிறது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தை நாம் எதிர்த்தரப்பின் செய்திக்கு மட்டும் நினைவுகூர்கிறோம். அதன் பின்னணியாக விரிவுரையாளர்கள் சொல்வதைப் பாருங்கள்: பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர், அவர்கள் தர மறுத்ததாகத் தவறான செய்தியோடு மதீனாவுக்குத் திரும்பினார். செய்தி வந்தது எதிரி முகாமிலிருந்து அல்ல.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதில் இன்னும் கறாராக இருந்தார்கள். தொழுகையாளி, நல்லவர், ஆனால் நினைவாற்றல் பலவீனம் என்றால் அவரை ஒதுக்கினார்கள். மறுபக்கம், காரிஜியாக்களைச் சேர்ந்த இம்ரான் பின் ஹித்தான் வழியாக வந்த அறிவிப்பை இமாம் புகாரி தம் நூலில் சேர்த்திருக்கிறார். அவர் யார் பக்கம் என்பதைவிட, சொன்னதில் உண்மையாளரா என்பதுதான் அங்கே பார்க்கப்பட்டது.

நாம் பின்தொடரும் சானல்காரரை அப்படிப் பார்த்திருக்கிறோமா? தாமே போய்ப் பார்த்தாரா, யாரோ சொன்னதை 'வட்டாரத் தகவல்' என்கிறாரா? போன மாதம் சொன்னது தவறாகிப் போனபோது அதே இடத்தில் திருத்தினாரா, சத்தமில்லாமல் நீக்கிவிட்டாரா? இதைக் கேட்காமல் குடும்பக் குரூப்பில் தட்டிவிடும்போது, அந்தச் சங்கிலியின் கடைசி அறிவிப்பாளர் நீங்கள். உங்கள் மாமிக்கும் மச்சானுக்கும் அந்த யூடியூபரைத் தெரியாது. அனுப்பியது நீங்கள் என்பதால் நம்புகிறார்கள்.