பிரம்பும் வசனமும்

பிள்ளை பொய் சொல்லிவிட்டான். தாய் விவிலியத்தைத் திறக்கிறாள். பொய் நாவைப் பழிக்கும் வசனத்தைப் பத்து முறை எழுதப் பணிக்கிறாள். விடிந்தும் எழ மறுத்தானா? சோம்பேறியை எறும்பிடம் பாடம் கேட்கச் சொல்லும் வசனம் காத்திருக்கிறது. கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் நெடுங்காலமாக நிலவும் முறை இது. பொய் பேசாதே என்பது தீதா, சோம்பித் திரியாதே என்பது குற்றமா என்று கேட்பர். தீதுமன்று, குற்றமுமன்று. நாம் கேட்பது வேறு. அந்தப் பிள்ளை பொய்யை விடுவது, ஏமாந்தவன் உள்ளம் படும் பாட்டை உணர்ந்தா? எழுதியிருக்கிறதே என்று அஞ்சியா? உணர்ந்தவன் ஏடு இல்லாத இடத்திலும் நேர்மையாக நடப்பான். அஞ்சியவனோ, அச்சம் அகலும் நாளை எதிர்பார்த்திருப்பான்!

வசனத்தோடு நில்லாமல் பிரம்பும் வருகிறது. பிரம்பைக் கையாளாத தந்தை மகனைப் பகைக்கிறான் என்கிறது நீதிமொழிகள் 13ஆம் அதிகாரம். அடித்தால் பிள்ளை சாகமாட்டான் என்று அச்சந் தீர்க்கிறது 23ஆம் அதிகாரம். ஆங்கில வீடுகளில் வேதவாக்காக உலவும் "பிரம்பை ஒதுக்கிப் பிள்ளையைக் கெடு" என்னும் தொடர், இன்றுள்ள வடிவில், விவிலியத்தில் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் எழுதிய நையாண்டிக் காவியத்தில் இருக்கிறது. நகைப்புக்கு எழுதிய வரி பிள்ளைகளின் முதுகுக்கு வந்து சேர்ந்த விந்தையை என்னென்பது!

மெதடிச இயக்கம் கண்ட ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா, 19 மக்களைப் பெற்றவர். பிள்ளை வளர்த்த முறையை 1732இல் மகனுக்குக் கடிதமாக வரைந்தார். ஓராண்டு நிரம்பிய குழந்தைக்குப் பிரம்புக்கு அஞ்சவும் ஓசையின்றி அழவும் கற்பித்தாராம். ஓசையின்றி அழுவது! அழுகை ஒன்றே மொழியாக உள்ள பருவத்தில் அம்மொழியையும் அடக்கிவிட்டனர். ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு. தண்டனைக்கு அஞ்சியே பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகின்றனர் என்பதை அறிந்து, குற்றத்தை ஒப்புக்கொள்வோரை அடிப்பதில்லை என்று அவர் விதி செய்தார். இந்த விதியைத் தந்தது பிரம்பு வசனமன்று. பிள்ளையைக் கூர்ந்து நோக்கிய தாயின் அறிவு. அதைப் போற்ற நமக்குத் தயக்கமில்லை.

வசனத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெற்றோருக்குக் கீழ்ப்படி என்னும் எபேசியர் 6ஆம் அதிகாரத்தின் முதல் வரி பிள்ளைக்கு மனப்பாடம். மூன்றே வரி தாண்டினால், பிள்ளைகளைக் கோபமூட்டாதீர் என்று தந்தையருக்கே கட்டளை வருகிறது. அதைத் தந்தை எத்தனை முறை எழுதிப் பார்த்தார்? அடங்காத மகனை ஊரார் கல்லெறிந்து கொல்லலாம் என்னும் உபாகமம் 21ஆம் அதிகாரத்தை எந்தத் தாயும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதில்லை. ஏன்? அவள் அறிவும் அன்பும் அதை விலக்குகின்றன. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது அறிவே எனில், அரியணை அறிவினுடையது. வசனம் அதன் முன் நிற்கும் சாட்சி. இதைப் பிள்ளையிடம் மறைப்பானேன்?

நீதிமொழிகள் சாலொமோன் பெயரால் வழங்குவது. அவன் மகன் ரெகொபெயாம் பிரம்படி பட்டானா என்று நூல் சொல்லவில்லை. ஆனால் அரியணை ஏறியதும், வரிச்சுமையைக் குறைக்க வேண்டி வந்த மக்களிடம் அவன் பேசியதைச் சொல்கிறது. இனிய சொல் கூறுக என்ற முதியோர் அறிவுரையைத் தள்ளினான். தந்தை சவுக்கால் தண்டித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின.

அதே விவிலியத்தில் நல்ல சமாரியன் கதையும் உண்டு. அடிபட்டுக் கிடந்தவனைக் கடந்து போனவர்கள் வேதம் அறிந்தவர்கள். தூக்கி எடுத்தவன் இகழப்பட்ட இனத்தான். கதையை முடித்த இயேசு, மூவரில் எவன் அயலான் என்று கேட்டவனிடமே கேட்கிறார். விடையைக் கேட்பவனே காண வேண்டும். இப்படிச் சொல்லப்பட்டால் வசனமும் பிள்ளைக்கு விருந்தே.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? "அடியாத மாடு பணியாது" என்று கையை ஓங்கும் தந்தை, விவிலியம் தொடாதவரே! "தலைவர் சொன்னார், கேள்வி கேளாதே" என்று மகனை அடக்கும் பகுத்தறிவாளரும் கையில் ஒரு வசனம் வைத்திருக்கிறார், ஏடுதான் வேறு.

பள்ளிகளில் பிரம்படியை விலக்கிய சட்டம் தம் மத உரிமையைப் பறிக்கிறது என்று இங்கிலாந்தில் சில கிறித்தவப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்காடினர். 2005இல் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் அதைத் தள்ளுபடி செய்தனர். அவர்களுள் ஒருவரான ஹேல் பெருமாட்டி தம் தீர்ப்பில் ஒரு குறையைச் சுட்டினார்: அத்தனை நீதிமன்றங்களிலும் பெற்றோர் தரப்பு பேசியது, ஆசிரியர் தரப்பு பேசியது, அரசு பேசியது, பிள்ளைகள் தரப்பில் பேச ஒருவரும் வரவில்லை.