தொடாத அருள்

குரங்கின் உடலில் நெடுங்காலமாகத் தங்கிப் பழகிய வைரஸ், கடி, கீறல், எச்சில், இரத்தம் ஆகியவற்றின் வழியே மனித உடலுக்குள் குடியேறுவதை இனம் தாண்டுதல் எனலாம். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை மருத்துவம் விளக்கிவிடும். குரங்கைப் புனிதமாகப் போற்றும் சமய மரபுகளுக்கோ அது வேறொரு வினாவை எழுப்புகிறது: உயிர்களிடத்துக் காட்டும் கருணை அவற்றை அணுகித் தொட்டு ஊட்டுவதில்தான் நிறைவடைகிறதா, அல்லது விலகி நிற்பதும் கருணையின் வடிவங்களுள் ஒன்றா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடம் காத்மாண்டுவின் மேற்கே குன்றின்மேல் அமைந்துள்ள சுயம்புநாத் தூபி. பௌத்தரும் இந்துக்களும் ஒருசேர வழிபடும் அத்தலத்தில், மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் வளர்ந்த சடையில் தோன்றிய பேன்களே குரங்குகளாக மாறின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒட்டுண்ணியிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் விலங்கே அங்கே புனிதமானதாயிற்று. கீழ்த்திசையிலுள்ள 365 படிகளை ஏறிவரும் அடியார்கள் மாடங்களில் தூவும் அரிசியை ரீசஸ் குரங்குகள் பொறுக்கித் தின்கின்றன. அக்குரங்குகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, ஒரு கிருமியை உடல் எதிர்கொண்டதற்குச் சான்றாக இரத்தத்தில் தங்கிவிடும் புரதங்களாகிய எதிர்ப்பொருள்களைத் தேடியபோது, ஏறக்குறைய எல்லாக் குரங்குகளிடமும் நுரை வைரஸுக்கும், பாதிக்கு மேற்பட்டவற்றிடம் பி வைரஸுக்கும் உரியவற்றைக் கண்டது.

நுரை வைரஸ் என்பது, ஆய்வகத்தில் தான் தொற்றிய உயிரணுக்களை நுரைத்தாற்போலத் தோன்றச் செய்வதால் அப்பெயர் பெற்றது. பாலித் தீவில், சாதிக்காய் மரங்கள் சூழ்ந்த சாங்கே கோயிலின் சுற்றுப்புறத்தில் வேலை செய்யும் 82 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்வில், குரங்கிடம் ஒருமுறை கடியும் சில கீறல்களும் பட்டிருந்த உழவர் ஒருவரிடம் அவ்வைரஸின் தொற்று உறுதியாயிற்று. அத்தகைய கோயில்களில் நாள்தோறும் நிகழும் காட்சியை நினைத்தால் இதில் வியப்பில்லை: வருபவர் நிலக்கடலையை நீட்ட, குரங்கு அவர் தோளில் ஏறித் தலைமயிரைப் பற்றிக்கொள்கிறது, கை மூடிக்கொண்டால் பல் பதிகிறது, வாயின் உட்பரப்பில் பெருகி எச்சிலில் கலந்திருக்கும் வைரஸுக்கு அந்தச் சிறு காயமே போதுமானது. நுரை வைரஸால் மனிதருக்கு நோய் வந்ததாகவோ, அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவியதாகவோ தெரியவில்லை என்பது ஆறுதலான செய்தியே எனினும், இனம் தாண்டும் வழி திறந்திருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

எல்லா வைரஸ்களும் அவ்வாறு வாளா இருப்பதில்லை. பி வைரஸ் ரீசஸ் முதலிய குரங்குகளிடம் வாய்ப்புண் அளவிலேயே அடங்கிக் கிடக்கிறது. மனிதரிடமோ நரம்பு வழியே ஏறித் தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கி, மருத்துவம் கிடைக்காவிடில் பத்தில் ஏழு பேரையேனும் கொல்கிறது. 1932இல் நியூயார்க்கில் ஆய்வகக் குரங்கு கடித்து இளம் மருத்துவர் ஒருவர் இறந்தபோது அறியப்பட்ட அந்நோய் மிக அரிது. பெரும்பாலும் ஆய்வகப் பணியாளரையே அது தாக்கியுள்ளது என்றாலும், 2024இல் ஹாங்காங்கில் காட்டுக் குரங்குகளால் காயமுற்ற ஒருவருக்கும் அது வந்தது. இதன் மறுபக்கமும் உண்டு. மனிதரின் உதட்டோரம் கொப்புளமாகத் தோன்றி மறையும் சாதாரண ஹெர்ப்பிஸ் வைரஸ், பி வைரஸுக்கு நெருங்கிய உறவுடையது. அது தென்னமெரிக்காவின் மார்மோசெட் என்னும் சிறு குரங்குக்குத் தொற்றினால் பெரும்பாலும் அதனைக் கொன்றுவிடுகிறது.

வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பிலுள்ள புரதம் ஒன்றைப் பூட்டாகக் கொண்டு திறவுகோல்போலப் பொருந்த வேண்டும். சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பொது மூதாதையரிடமிருந்து பிரிந்த மனிதர், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் ஆகிய இரு கிளைகளின் பூட்டுகள் இன்றும் பெரிதும் ஒத்திருப்பதால்தான் தொற்று எளிதாகிறது. ஆகவே, உயிர்கள் யாவும் ஒரு குடும்பம் என்று சமயம் எதனை அறமாகக் கூறியதோ, அதுவே நோய்க்கும் வழியாக அமைந்திருக்கிறது. உறவு பொய்யாக இருந்திருந்தால் ஆபத்தும் இருந்திராது.

அவ்வாறாயின் குற்றம் யாருடையது? நோக்கமே வினையாகும் என்பது பௌத்தக் கோட்பாடு. நோயைப் பரப்பும் நோக்கமற்ற குரங்கின்மீது வினையை ஏற்ற இயலாது. எனினும் மக்களின் அச்சம் இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 1958இல் கோபன்ஹேகன் ஆய்வகக் குரங்குகளிடம் கண்டறியப்பட்டதால் மட்டுமே குரங்கம்மை எனப் பெயர்பெற்ற நோய் 2022இல் மனிதரிடையே பரவியபோது, பிரேசிலில் குரங்குகள் கல்லெறிந்தும் நஞ்சிட்டும் தாக்கப்பட்டன. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் முதன்முதல் அறியப்பட்ட குரங்குக் காய்ச்சலிலும் நோயைக் கொண்டுசெல்வது உண்ணி. குரங்கோ மனிதருக்கு முன்பே மடிந்து எச்சரிக்கும் உயிர்.

நோக்கத்தைக் கொண்டு வினையை அளக்கும் அறம் இங்கே ஒரு முட்டுக்கட்டையைச் சந்திக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மாங்கபே குரங்கை இறைச்சிக்காக அறுத்த வேட்டுவரின் கைக்காயம் வழியாகவே எச்.ஐ.வி.யின் இரண்டாம் வகை மனிதருக்கு வந்திருக்கும் எனக் கருதப்படுகிறது. கத்தி பிடித்த அந்தக் கையும் கடலை நீட்டும் அடியாரின் கையும் அறத்தின் பார்வையில் வெவ்வேறு. வைரஸுக்கு இரண்டும் ஒன்றே. நல்லெண்ணம் ஒன்றே செயலைக் காக்கும் என்று நம்புபவர் இவ்விடத்தில் தோற்றுவிடுகிறார். கருணையோடு மெய்யறிவும் இணைய வேண்டும் என்று மகாயானம் வலியுறுத்துவது இதனால்தான் பொருள்படுகிறது. சுயம்புநாத் குரங்குகளின் மூலவராகச் சொல்லப்படும் மஞ்சுஸ்ரீயே மெய்யறிவின் போதிசத்துவர் அல்லவா? அறியாமல் ஊட்டியவரின் கருணை பழுதற்றது. அறிந்தபின்னும் கைநீட்டுபவர் தம் மகிழ்ச்சிக்கே கருணை என்று பெயரிடுகிறார்.

விலகல் என்ற சொல் இழிவின் நிழலைச் சுமந்தது என்பதை இங்கே மறுக்க முடியாது. தீண்டாமையைத் தூய்மை என்று அழைத்த சமூகங்கள் அச்சொல்லை ஐயத்தோடு கேட்பது முறையே. ஆனால் அந்த விலகல் எதிரிலிருப்பவரை மாசு எனக் கருதி ஒருபக்கமாக விதிக்கப்பட்டது. இந்த விலகலோ, மனிதரின் கொப்புளமும் மார்மோசெட்டைக் கொல்லும் என்று உணர்ந்து இருபக்கமும் காக்க மேற்கொள்ளப்படுவது. திருக்குறளின் உரைமரபு, தொடர்புடையார்மேல் செல்லும் அன்பையும் தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்லும் அருளையும் பிரித்தறிகிறது. அன்பு அணைக்க விழையும். அருளுக்கு அந்தத் தேவை இல்லை.

சுயம்புநாத் தூபியின் வடபுற மாடத்தில் அமோகசித்திப் புத்தர் அபய முத்திரையோடு வீற்றிருக்கிறார். அஞ்சேல் என்று உயர்த்திய அந்த உள்ளங்கை எதையும் ஊட்டுவதில்லை, யாரையும் தொடுவதுமில்லை. எனினும் அதுவும் ஒரு கொடையே என்று மரபு கருதி வந்துள்ளது.