கரைந்தால் போதுமா?

ஒரு டம்ளர் தண்ணீரில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை கரையும் என்று எப்போதாவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தண்ணீர் ‘போதும்ப்பா’ என்று சொல்லிவிடும். அதற்கு மேல் போடுவதெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் ‘போதும்’ எந்த இடத்தில் வருகிறது என்று அளப்பதும், அளப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வதும் மருந்துத் தொழிலில் ஒரு தனி வித்தை.

நான் பி.காம். படித்தவன். பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்த ஆசாமி. ஆனாலும் இந்தக் கரைகிற சமாசாரத்துக்குள் நம் எல்லோருக்குமான ஒரு தர்ம நியாயக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அதற்காக இந்த வாரம் கொஞ்சம் கெமிஸ்ட்ரியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு அலமாரியில் எப்போதும் இருக்கிற பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு மில்லி தண்ணீரில் இது சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். குழந்தைகளுக்கான சிரப்பில் ‘5 மில்லியில் 125 மில்லிகிராம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 5 மில்லி வெறும் தண்ணீரில் கரைவது 70 மில்லிகிராம். பாக்கி 55 எங்கே போகும்? பாட்டிலின் அடியில் வண்டலாகத் தங்கும். முதல் நாள் கொடுக்கிற ஸ்பூனில் மருந்து குறைவாக இருக்கும், காய்ச்சல் இறங்காது. கடைசி நாள் கொடுக்கிற ஸ்பூனில் மொத்தமாக வந்து விழும், பிஞ்சு ஈரல் தாங்காது. ஆக, மருந்து கரைவது என்பது அழகுக்காக இல்லை. ஒவ்வொரு ஸ்பூனும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதற்காக.

தண்ணீரால் தனியாக முடியவில்லை என்றால் துணைக்கு ஆள் வேண்டும். அந்தத் துணை ஆளில் முக்கியமானவர் புரொப்பிலீன் கிளைக்கால். கொஞ்சம் கொழகொழவென்று, நிறமில்லாமல் இருக்கும். ஒரு கிராம் பாரசிட்டமாலைக் கரைக்கத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 70 மில்லி வேண்டும். இவர் என்றால் 9 மில்லி போதும். மருந்துக்கென்று சுத்தமாகத் தயாரித்து, உரிய அளவில் சேர்த்தால் உடம்புக்கும் ஒத்துக்கொள்கிறது.

எவ்வளவு கரையும் என்று அளக்கிற முறை நம் வீட்டுச் சர்க்கரைச் சோதனைதான், கொஞ்சம் கண்டிப்போடு. குடுவையில் மருந்தை வேண்டுமென்றே அதிகமாகப் போட்டு, வெப்பம் மாறாமல் வைத்து, ஒரு நாளோ இரண்டு நாளோ குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். பிறகு வடிகட்டி, தெளிந்த திரவத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் பார்ப்பார்கள். ஆயிரம் மருந்து, நூறு கரைப்பான் என்று வந்தால் எத்தனை குடுவையைத்தான் குலுக்குவது? அதனால் கணக்கு வந்தது. அமெரிக்காவின் ஹில்டிபிராண்ட், அவருக்குப் பிறகு 1967-இல் ஹான்சன் என்று சிலர், ஒவ்வொரு திரவத்துக்கும் எண் கொடுக்கிற முறையை உருவாக்கினார்கள். எண்கள் நெருங்கி இருந்தால் ஒன்றில் ஒன்று நன்றாகக் கரையும், விலகி இருந்தால் கரையாது. ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம், இது பெரும்பாலும் பலிக்கிறது!

அந்தப் பட்டியலில் தண்ணீருக்குச் சுமார் 48. கிளிசரினுக்கு 36. நம் புரொப்பிலீன் கிளைக்காலுக்கு 30. இன்னொருவர் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு 29 சொச்சம். அவரும் நிறமில்லாதவர், கொழகொழப்பானவர், போதாததற்கு இனிப்பானவர். விலையும் குறைவு. மருந்தைக் கரைப்பதிலும் சளைத்தவர் இல்லை. பெயர் டை எதிலீன் கிளைக்கால். உடம்புக்குள் போனால் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிற விஷம்.

‘கரையுமா?’ என்று கேட்டால் கணக்கு இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ‘பேஷாகக் கரையும்.’ கணக்கின் மேல் தப்பு இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அது சொல்லியிருக்கிறது. குழந்தை பிழைக்குமா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்கு 1937-ஆம் ஆண்டு நடந்த ஓர் அமெரிக்க உதாரணம் உண்டு. டென்னசி மாநிலத்தின் மாஸென்ஜில் கம்பெனி, சல்ஃபானிலமைடு என்ற அந்தக் கால அற்புத மருந்தைத் திரவமாக விற்க ஆசைப்பட்டது. தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. கம்பெனியின் தலைமை கெமிஸ்ட் ஹரால்ட் வாட்கின்ஸ் தேடிப் பிடித்த கரைப்பான் இந்த டை எதிலீன் கிளைக்கால். அழகாகக் கரைந்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், ருசி பார்த்தார்கள். ராஸ்ப்பெர்ரி வாசனை எல்லாம் சேர்த்தார்கள். உடம்பு தாங்குமா என்று ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. 100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நிறையக் குழந்தைகள்.

அப்போதிருந்த சட்டப்படி விஷம் விற்றதற்காக வழக்குப் போட வழியில்லை. ‘எலிக்ஸிர்’ என்று பெயர் வைத்தால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லையே என்று தவறான பெயர் வைத்த குற்றத்துக்குத்தான் அபராதம் போட முடிந்தது! கம்பெனி முதலாளி, நடந்ததற்கு வருந்துகிறேன், ஆனால் எங்கள் பொறுப்பு ஏதும் இல்லை என்ற தொனியில் அறிக்கை விட்டார். வாட்கின்ஸ் பிறகு தற்கொலை செய்துகொண்டார். அது எதற்கும் தீர்வில்லை என்பது வேறு விஷயம். 1938-இல் அமெரிக்கா புதுச் சட்டம் போட்டது. விற்பதற்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று காட்டு என்றது.

அதோடு உலகம் பாடம் கற்றுக்கொண்டது என்று எழுத ஆசைதான். 1972-இல் நம் சென்னையிலேயே 14 குழந்தைகள் இதே விஷத்தால் இறந்தார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள். 2006-இல் பனாமாவில் நூற்றுக்கு மேல். சீனாவில் கிளம்பிய ‘கிளிசரின்’ பீப்பாய்கள் ஸ்பெயின் வழியாகப் பனாமா போய்ச் சேர்ந்தன. வழியில் கைமாறிய கம்பெனிகளில் ஒன்றுகூடத் திறந்து பரிசோதிக்கவில்லை. சான்றிதழ் மட்டும் கைக்குக் கை பத்திரமாகப் போயிற்று. 2022-இல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள். அந்தச் சிரப்புகள் நம் ஹரியானாவில் தயாரானவை.

எங்கேயோ நடந்த கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மண்ணூர் தெரியுமா? ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிற கிராமம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம் ராயல் என்ஃபீல்டு என்று நாட்டின் சக்கரங்களில் ஒரு பங்கு உருள ஆரம்பிக்கிற வட்டாரம். டை எதிலீன் கிளைக்கால் பிரேக் ஆயிலிலும் ரெசினிலும் அச்சு மையிலும் உபயோகப்படுகிற சரக்கு. அந்த இடங்களில் அது குற்றவாளி இல்லை, உழைப்பாளி. அதே மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சுங்குவார்சத்திரம். அங்கேதான் ஸ்ரீசன் பார்மா என்ற சின்ன மருந்துக் கம்பெனி ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் சிரப்பைத் தயாரித்தது.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகளுக்கு ஒன்றன் பின் ஒன்றாகச் சிறுநீர் நின்றுபோனது. சளி, காய்ச்சல் என்று வந்த குழந்தைகள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி அங்கிருந்து தகவல் வந்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தது. சென்னை அரசு ஆய்வகத்தின் முடிவு ஓரிரு நாளில் வந்துவிட்டது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத விஷம் 48.6 சதவீதம் இருந்தது. கிட்டத்தட்டப் பாதி பாட்டில்! ஆய்வில் 350-க்கும் மேற்பட்ட குறைபாடுகளைப் பட்டியல் போட்டார்கள். உரிமையாளர் கைதானார், அக்டோபர் 13-ஆம் தேதி கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானது. ஆலையை முறையாகச் சோதிக்கவில்லை என்று மருந்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள்.

‘ஓரிரு நாளில்’ என்று எழுதினேனே, அந்த வார்த்தையில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. கேள்வியைக் கேட்டதும் பதில் வந்துவிட்டது. புது விஞ்ஞானம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பீப்பாய் வந்து இறங்கிய அன்று கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. டிரையல் பாலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று நினைத்துவிடாதே. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், கூட்டல் இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். ஆனால் ஒரு பில் அடியோடு எழுதப்படாமல் விடுபட்டிருக்கலாம். ஒருத்தர் பெயரில் எழுத வேண்டியதை இன்னொருத்தர் பெயரில் எழுதியிருக்கலாம். கூட்டல் அதையெல்லாம் காட்டிக்கொடுக்காது. கூட்டல் சரியா என்பது ஒரு கேள்வி. எழுதியது உண்மையா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் வினை.

சிரப் கரைந்துவிட்டது, வண்டல் இல்லை, இனிக்கிறது, லேபிள் நேராக ஒட்டியிருக்கிறது. எல்லாம் டேலி.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். ‘ஏன் சார், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் எப்படி வாழ்வது? டீக்கடையில் பாலைச் சோதித்துவிட்டா குடிக்கிறோம்? பஸ்ஸில் டிரைவரிடம் லைசென்ஸ் கேட்டுவிட்டா ஏறுகிறோம்?’

உண்மை. நம்பிக்கை இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றால், டிப்போவில் யாரோ ஒருவர் பிரேக்கைச் சந்தேகப்பட்டு மிதித்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். பாங்கில் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடுகிறேன் என்றால், ஓர் ஆடிட்டர் கண்ணைத் திறந்துகொண்டு வவுச்சர் பார்க்கிறார் என்று அர்த்தம். நாம் நம்புவதற்காக, நம் சார்பில் சந்தேகப்படச் சிலரை நியமித்திருக்கிறோம். சந்தேகம்தான் அவர்கள் உத்தியோகம். அதற்குத்தான் சம்பளம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ‘நம்ம சப்ளையர்தானே, நல்ல மனுஷன்’ என்று நம்ப ஆரம்பித்தால், அது பெருந்தன்மை இல்லை. நம்முடைய சந்தேகத்தை எடுத்து இனாமாகக் கொடுத்துவிடுகிறார். கொடுக்க அவருக்கு உரிமையில்லாத பொருள் அது.

பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்கிறார்கள். தெரியாததில் இரண்டு வகை உண்டு. தெரிந்துகொள்ள வழியே இல்லாதது ஒன்று. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள ஒரு நாளும் கொஞ்சம் பணமும் போதும் என்றிருந்தும் தெரிந்துகொள்ளாமல் விட்டது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு அறியாமை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அது ஒரு முடிவு. பூனை கண்ணை மூடிக்கொள்வது மாதிரி, ஆனால் பூனையாவது தன் பாலைத்தான் குடிக்கிறது. 1937-க்குப் பிறகு, அதிலும் 1972-க்குப் பிறகு, இந்த ஊரில் சிரப் தயாரிக்கிற எவரும் முதல் வகைக்குள் நுழைய முடியாது.

அரசாங்கமும் யோசிக்க வேண்டும். காம்பியா விவகாரத்துக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகிற இருமல் சிரப்புக்கு அரசு ஆய்வகச் சான்று கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் சிந்த்வாராவுக்குப் போன பாட்டிலுக்கு அந்தக் கூடுதல் காவல் இல்லை. கடல் தாண்டுகிற பாட்டிலைச் சந்தேகப்பட்டோம், மாநிலம் தாண்டுகிற பாட்டிலை நம்பினோம்.

சிந்த்வாரா செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு அந்த அம்மாக்களிடமே போகிறது. பாட்டில் மூடியில் கோடு போட்டிருக்கும் அல்லவா? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு கூடிவிடக் கூடாது, குறைந்துவிடக் கூடாது என்று அளந்து ஊற்றியிருப்பார்கள். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வேளை. பீப்பாய் முதல் பாட்டில் வரை அத்தனை கைகளில் இல்லாத கவனம் அந்தக் கையில் இருந்திருக்கும். கடைசியில் ‘நானே என் கையால் கொடுத்தேனே’ என்கிற துக்கமும் அந்தக் கைக்குத்தான்.

நாம் என்ன செய்ய? 5 வயதுக்குக் கீழே இருமல் சிரப் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதார இயக்ககம் 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. டாக்டர் சொல்லாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாளைக் காலை உங்கள் மேஜைக்கு ஒரு காகிதம் வரும். ஸ்டாக் ரிஜிஸ்டரோ, பாலத்துக் கம்பியின் சோதனை அறிக்கையோ, லிஃப்ட்டின் சான்றிதழோ. ‘எல்லாம் சரியா இருக்கு சார், ஒரு கையெழுத்து’ என்பார்கள். டேலி ஆகியிருக்கும். அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். அல்லது ஒரு நிமிஷம் பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘பீப்பாயைத் திறந்து பார்த்தீர்களா?’ என்று கேட்கலாம். உங்களை யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது, உங்கள் பெயர் அவருக்கும் தெரியாது.